மே மாதத்தில் சுத்தியல் இல்லை

ஏப்ரல் முடிவதற்குள்
கதவுக் கீல்களுக்கு மீனெண்ணெய் விட்டாயிற்று.
நாயை அக்கரையில் கொழுந்தன் வீட்டில் கட்டியாயிற்று.
இனித் துணி உலர்த்துவது உள்ளேதான்.
கொடியில் போட்டால் படபடக்கும்.

மூன்று நாள் அவை கடலிலேயே மிதந்து பார்க்கும்,
இந்த வருஷம் தீவு எப்படி, மனுஷர்கள் எப்படியென்று.
பிறகு ஏறி வரும் ஐடர் வாத்துகள்.
பாசிபடிந்த கல்லின் நிறத்தில் பெட்டைகள்,
இடுப்பு கனத்த நடையில்,
போன வருஷத்து வீட்டைத் தேடிக்கொண்டு.

வீடென்றால்
உடைந்த படகின் மூக்கு, கவிழ்த்த மீன்பெட்டி,
இரண்டு கல்லின் மேல் ஒரு கல்.
உள்ளே உலர்ந்த கடற்பாசி.
நாற்பத்தொரு வருஷம் ஓட்முண்ட் கட்டினான்.
எங்கள் கூரை ஒழுகிய வருஷத்திலும்
முதலில் அவற்றின் கூரை.

எல்லாம் அந்தத் தூவிக்காக.
நெஞ்சிலிருந்து உதிர்த்து முட்டைக்குப் போர்த்துவாளே,
புகைபோல, கையில் எடுத்தால் எடையில்லாமல்
சூடு மட்டும் தெரியுமே, அதற்காக.
அறுபது கூடு சேர்ந்தால் ஒரு போர்வை.
நான் ஒன்றுகூடப் போர்த்தியதில்லை.
விற்ற காசில் கம்பளி வாங்குவோம்.

யுத்த வருஷத்தில் எங்கள் ஆட்கள்
முட்டையைத் தின்றார்கள், பிறகு அடைகிடந்தவளையும்.
மறுவருஷமும் வந்தனவாம், கொஞ்சம் குறைவாக.
மன்னிப்பு என்று சொல்லமாட்டேன்.
போக வேறு கூரை இல்லை அவற்றுக்கு.
எங்களுக்கும் வேறு தீவு இல்லை.

மிங்க் வந்தால் கண்ணி வைப்பேன்.
காலையில் போய்ப் பார்ப்பேன்,
பல்லைக் காட்டியபடி செத்திருக்கும், அழகான மயிர்.
ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கொல்வது பற்றிப்
பாதிரியாருக்கு ஒரு கருத்து உண்டு.
எனக்குப் பன்னிரண்டு கண்ணிகள் உண்டு.

மே பத்தொன்பது விடிகாலை
ஓட்முண்ட் இறந்தான், சத்தமில்லாமல்.
அவன் எப்போதுமே மே மாதத்து மனிதன்.

பெட்டிக்கு ஆணி அடிக்க முடியாது.
ஆர்ன்ஃபின் வந்து திருகாணிகளால் முடுக்கினான்,
கையால், முப்பத்திரண்டு,
ஒவ்வொன்றிலும் சோப்பு தேய்த்து.

வாசற்படிக்குக் கீழே ஒருத்தி
பத்தாம் நாள் அடையில் இருந்தாள்.
பெட்டியோடு ஆறு பேர் மிதித்தால் எழுந்துவிடுவாள்.
எழுந்தவள் திரும்பாமலும் போகலாம்.
சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி
அவனை அதன் வழியே வெளியே கொடுத்தோம்,
பக்கத்து வீட்டுக்கு ரொட்டி கொடுப்பதுபோல.
வாங்கியவர்கள் காலில் கம்பளிக் காலுறை மட்டும்.

பாதிரியார் கறுப்பு அங்கியோடு
படகிலிருந்து கால் வைக்கப் பார்த்தார்.
அவற்றுக்கு எங்கள் உடுப்புதான் எங்கள் முகம்.
நாற்பத்தொரு மே மாதமும் போட்ட நீலச் சட்டையை
ஓடாமல், நடந்துபோய், நீட்டினேன்.
போட்டுக்கொண்டார். கை நீளமாகத் தொங்கியது.
ஓட்முண்டே ஓட்முண்டை அடக்கம் செய்யக்
கூடுகளுக்கு நடுவே நடந்து வந்தான்.
ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

எஞ்சின் போடாமல் துடுப்பில் போனோம்.
சங்கீதம் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.
கடவுளுக்குக் காது கூர்மை என்கிறார்கள், பார்ப்போம்.

ஜூன் பாதியில்
படிக்குக் கீழிருந்து அவள் நாலு குஞ்சுகளோடு இறங்கினாள்.
வழியில் ஒன்று கல்லிடுக்கில் விழுந்தது,
எடுத்து விட்டேன், என் விரலைக் கொத்தியது.
தண்ணீரைத் தொட்டதும் ஐந்தும் ஒரே அலையாகிவிட்டன.
திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்?

குனிந்து கைவிட்டுத் தூவியை எடுத்தேன்.
அடியில் குளிர்ந்த முட்டை ஒன்று.

இப்போது அழலாம் என்று நினைத்தேன்.
யாருக்கும் தொந்தரவில்லை.
தொண்டைக்கு மே மாதம் பழகிவிட்டிருந்தது.

படியில் ஒரு பலகை
குளிர்காலத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது.
சுத்தியலை எடுத்தேன்.
ஏழு ஆணி.
பாறையிலிருந்த கடற்காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன.
எட்டாவதும் அடித்தேன்,
தேவையே இல்லாமல்.