பொந்து

இந்தக் காட்டில் முதலில் தட்டுப்பட்டது இரையல்ல,
பொந்து.

வோரு மாவட்டத்தில் போருக்குப் பின் நட்ட பைன்கள்.
எல்லாம் ஒரே வயது,
வகுப்புப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகள்போல.
நின்றபடி சாக எந்த மரத்துக்கும் அனுமதியில்லை;
பட்டுப்போனால் வண்டி வந்து ஏற்றிப் போய்விடும்.
மரங்கொத்திக்கு உளுத்த மரம் வேண்டும்.
உளுப்பதற்குக் காலம் வேண்டும்.
அந்தக் காலத்தைத்தான் நாங்கள் கன அடியில் விற்றோம்.

ஏப்ரலில் பட்டாணிக்குருவிகள் வரும்,
கிளை கிளையாகப் பார்க்கும்,
போகும்.

அறுப்பாலை மூடிய வருடம்
கை சும்மா இருக்கமாட்டாத ஹெல்தூர்
மிஞ்சிய பலகையில் நாற்பது பெட்டி செய்தார்.
வாசல் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
ஒரு மில்லி கூடினாலும் பலகையை அடுப்பில் போடுவார்.
நான் ஏணி பிடித்தேன், நோட்டில் எழுதினேன்.
முப்பத்தெட்டில் குடித்தனம்.
ஒன்றில் குளவி, ஒன்றில் எறும்பு.

குஞ்சு நிறுக்க என் மகனின் பழைய காலுறை.
உள்ளே போட்டு வில்தராசில் மாட்டினால்
இருட்டென்று நம்பி அடங்கிவிடும்.
பதினெட்டு கிராம். பதினெட்டரை.
உர்வே, எழுது எழுது என்பார் ஏணிமேலிருந்து,
தானே முட்டையிட்டவர்போல.

மறுவருடம் எண்பது. அதற்கடுத்து நூற்று அறுபது.

யாரும் சொல்லாமல் கணக்கு இடம் மாறியது.
பச்சைப் புழு ஓடையோரப் பிர்ச்சில் மட்டும்தான்.
அதே முப்பது மரம்.
பெட்டியைப் பெருக்கினோம், பிர்ச்சைப் பெருக்கவில்லை.
வாயில் ஒன்றுமில்லாமல் திரும்பும் தாய்க்குருவிகள்
ஒன்றையொன்று கடந்து பறந்தன.
ஒன்பது முட்டை இட்டவை ஆறு இட்டன.
காலுறையில் பதினைந்து கிராம்,
காலுறை கனமா குஞ்சு கனமா என்று சந்தேகம்.

மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஈப்பிடிப்பான்
பாலைவனம் தாண்டியிருந்தது, கடல் தாண்டியிருந்தது.
அறுபத்துமூன்றாம் பெட்டியின் வாசலை மட்டும்
உயிரோடு திரும்பத் தாண்டவில்லை.
உள்ளே பட்டாணிக்குருவி அடைகாத்தது,
மண்டை பிளந்த விருந்தாளியின் மேல்
பாசியைப் பரப்பிக்கொண்டு.

ஹெல்தூருக்கு நேர்கோடு பிடிக்கும்.
ஐம்பது தப்படிக்கு ஒரு பெட்டி.
மரநாய்க்கும் அது பிடித்துப்போனது.
ஒரே இரவில் பதினொரு மூடி.
வரிசையின் கடைசி வரை போய்
பன்னிரண்டாவதை எதிர்பார்த்து
அது நின்ற இடத்தில் மண் கீறிக் கிடந்தது.

பிறகு அந்த ஜனவரி. சுழியத்துக்குக் கீழே இருபத்தொன்பது,
ஒன்பது இரவு.
வசந்தத்தில் நூற்று அறுபது வாசலுக்கு
ஐம்பத்தொரு ஜோடி.

பலகை இன்னும் இருக்கிறது, என்றார் ஹெல்தூர்,
இன்னொரு நாற்பது போடலாமே.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
நாம் எதை அளந்தோம், என்று கேட்க வந்தேன்.
அவர் விரல்களைப் பார்த்து,
பெஞ்சு செய்யுங்கள், என்றேன்.

பட்ட ஆஸ்பென் ஒன்றை விட்டுவைக்கக் கேட்டு
வன அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன்.
விதிப்படி அகற்ற வேண்டும் என்று நான்கு பதில்.
மரத்தில் ஓட்டை வேண்டுமென்றால்
முதலில் சட்டத்தில் தேட வேண்டும்போல.

எங்கள் ஊரில் பதினேழு வீடு.
மாலையில் விளக்கு எரிவது ஐந்தில்.
கூரை உண்டு, புகைபோக்கி உண்டு, கிணறு உண்டு.
இங்கே பொந்துக்குப் பஞ்சமில்லை.
என்ன குறைந்ததென்று நிறுத்துப் பார்க்க
அவ்வளவு பெரிய தராசு என்னிடம் இல்லை.

மகன் துர்க்குவிலிருந்து பேசினான்,
கப்பல் பட்டறையில் வெல்டிங்.
அந்தக் காலுறையா இன்னும், என்று சிரித்தான்.
ஆமாம், ஒன்றுதான் இருக்கிறது.
இன்னொன்று உன்னிடம் இருக்கிறதா பார்.