திறக்க எடுக்கும் நேரம்

இரவு இரண்டு இருபது.
கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி
லாரிகள் உறங்கும் மண்ணோரம் ஒதுங்கி நிற்கிறோம்.
ஸ்டீயரிங்கில் தனுஷ்கோடி. என் மடியில் லேப்டாப்.
பின்சீட்டில் சிக்கந்தர்
தீயணைக்கும் சிலிண்டரைக் கைக்குழந்தைபோல்
அணைத்துப் பிடித்திருக்கிறான்.

நான்கு இன்ஜெக்டர். நேற்றுவரை இருந்ததற்கு
வாய் சரியாக இரண்டு மடங்கு.
வில்லாபுரத்துப் பட்டறையில் மாட்டிச் சாவி திருகியதும்
கார் இருமியது, கறுப்பாகத் துப்பியது.
எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த வேட்டி
இன்னும் பெட்ரோல் மணக்கிறதாம்;
சிக்கந்தருக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது.

வண்டியின் மூளைக்கு யாரும் சொல்லவில்லை, பாவம்.
அதன் கணக்கில் இன்னும் பழைய சின்ன வாய்கள்.
பழைய நேரத்துக்குத் திற என்கிறது,
இரண்டு பங்கு கொட்டுகிறது.
எண்ணைப் பாதியாக்கினேன்.
பாதி என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும்
பாதியாக இருக்கும்.

ஊசி சொன்ன கணமே திறப்பதில்லை.
கரண்ட் போய்ச் சேர்ந்து, சுருள் விழித்து,
ஊசி தன் எடையைத் தூக்கிக்கொண்டு எழ
ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கீழே.
அதுவரை ஒரு துளி இறங்காது.
பேட்டரி சோர்ந்தால் இன்னும் தாமதம்.

"ஹெட்லைட் போடுங்க" என்றேன். போட்டார்.
அதே நேரம் பார்த்து ரேடியேட்டர் விசிறியும் எழுந்தது.
பதினான்கு வோல்ட் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்க,
லாம்டா ஒன்று புள்ளி ஒன்று ஐந்து.
எஞ்சின் தள்ளாடி, நிமிர்ந்து,
தள்ளாடி,
நின்றது.

பக்கத்துக் கண்மாயில் தவளைகள் இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.

"வெளக்கு போட்டா அணையிற வண்டிக்கு
ஒண்ணேகால் லட்சம் குடுத்திருக்கேன்"
என்றார் மேலூரில் கிரானைட் அறுக்கிறவர்.
சிக்கந்தர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

விற்றவன் தந்த தாளில் தாமத அட்டவணை உண்டு.
எந்த ஊர் மேசையில் அளந்தானோ.
அதை மடித்துக் காலடியில் போட்டுவிட்டு
கண்ணாடியை ஏற்றி இறக்கினேன், ஏசி போட்டேன், அணைத்தேன்,
விசிறிக்காகக் காத்திருந்தேன்.
பன்னிரண்டு வோல்ட் கட்டத்தில் நான்கு கூட்டி, இரண்டு கழித்து,
கூட்டியதில் மறுபடி ஒன்று எடுத்து
மூன்றேகாலுக்கு ஊசலாட்டம் அடங்கியது.
விளக்கு போட்டால் ஒரு சின்னத் தலையசைப்பு,
அவ்வளவுதான்.

பிறகு சாலை. மூன்றாம் கியர்.
மூவாயிரம் சுற்றிலிருந்து மிதி தரைவரை.
டர்போ பல்லிடுக்கில் விசிலடித்தது,
முதுகு இருக்கைக்குள் புதைந்தது.
நாகமலை வலப்பக்கம் வந்ததா இடப்பக்கமா,
கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.
நான் பார்த்தது ஒரு பச்சைக் கோடு:
புள்ளி எண்பது. எண்பது. எண்பத்தொன்று.
ஐயாயிரத்து இருநூறில் எண்பத்தாறு,
தொண்ணூற்று...

"விடுங்க!"

விட்டார். பிஸ்டன்கள் பிழைத்தன.

கோட்டைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தேன்.
சுற்று ஏற ஏற எரிபொருள் அழுத்தம்
மாடிப்படியில் உருளும் பாத்திரமாக இறங்கியிருக்கிறது.
வாயைப் பெருக்கியிருக்கிறோம், தொண்டை பழையது.
டாங்குக்குள் ஒரு கிழட்டு பம்ப்
யானைப் பசிக்குச் சோளப்பொறி
அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறது.

டர்போ அழுத்தத்தைக் குறைத்தேன்.
இப்போதைக்கு இந்த வண்டி
போன வாரத்தைவிட மெதுவானது என்பதைச்
சொல்லியும் விட்டேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
வாழைத்தார் லாரி ஒன்று எங்களை
முந்திப் போனது.

துவரிமான் பிரிவில் டீக்கடை விழித்திருந்தது.
சிக்கந்தர் இறங்கிப் போனான்.
எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன்.
ஹெட்லைட் எரிய, விசிறி சுழல,
எண்ணூறு சுற்றில் அசையாமல் நின்றது முள்.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவரும்.

"நீங்க தந்த பட்டியல்ல பம்ப் இருந்துச்சு" என்றார்
ரொம்ப நேரம் கழித்து.
"நாந்தான் அடிச்சு விட்டேன்."

கடையிலிருந்து சிக்கந்தர் கத்தினான்:
"ரெஜினாக்கா, சீனி கூடவா, கம்மியா?"