கவராயம் அனுமதியில்லை

பொரளையில் ஏறி "அங்கொடைக்கு ஒன்று" என்கிறேன்.
கொண்டக்டர் ஒரு தரம் என் முகத்தைப் பார்க்கிறான்,
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுகிறான்.
பின் சீட்டில் யாரோ யாரையோ இடித்துச் சிரிப்பது கேட்கிறது.
அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு பழைய பகிடி இருக்கிறது,
சொல்லாமலே விளங்கும்.

என் பையில் பதினொரு பென்சில்.
நேற்றிரவு வெள்ளவத்தையில் குசினி மேசையிலிருந்து
ஒவ்வொன்றாய்ச் சீவியவை.
சீவியை உள்ளே கொண்டுபோக முடியாது,
அதற்குள் ஒரு சின்ன அலகு இருக்கிறது.

வாசலில் இநோகா பையைக் கவிழ்க்கிறாள்.
பென்சில் பதினொன்று, சரி.
அழிறப்பர் சரி. பிளாஸ்டிக் அடிமட்டம் சரி.
கவராயம்.
மறதியாய் வந்துவிட்டது என்றேன்.
லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள், கோபமில்லை.
"பின்னேரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் சிங்களத்தில்,
குழந்தையிடம் சொல்கிற குரலில்.

வகுப்பு என்றால் வாட்டின் கடைசி அறை.
முன்பு போர்வை மடித்த இடம்,
மழை நாளில் இன்னும் கஞ்சிப் பசை மணக்கும்.
கரும்பலகை சுவரிலேயே பூசியது, ஆணி கிடையாது.
இடாப்பில் இரண்டே குறிதான்:
வந்தார், வரவில்லை.
மேசையில் கன்னத்தைச் சாய்த்து
கண் பாதி திறந்தபடி
காலை மாத்திரைக்கு அடியில் எங்கோ கிடக்கும்
ஜெனிஸ்டனுக்கு நான் எதைப் போட?
வந்தார் என்று போட்டேன்,
பேனையை அழுத்தாமல்.

இன்று வட்டங்கள்.
ஹிஸானாவுக்கு டிசம்பரில் சாதாரண தரம்.
அனுமதி அட்டையில் எந்த விலாசம் வரும் என்றுதான்
போன புதன் அவள் வாப்பா கேட்டார்.
மாளிகாவத்தை விலாசம்தான் என்றேன்.
நெஞ்சில் கை வைத்து, பிறகு எழும்பிப் போனார்.

"வட்டம் எப்பிடி மிஸ் கீறுற, கவராயம் இல்லாம?"
கேட்டுவிட்டு அவளே
ஜன்னல் கட்டில் கிடந்த மருந்துக் கிண்ணத்தை எடுத்தாள்.
அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு சொட்டு.
சட்டையில் துடைத்துக் கவிழ்த்துச் சுற்றிக் கீறினாள்.
நல்ல வட்டம்.
ஆனால் நடு?
நடு இல்லாமல் ஆரை இல்லை.
இரண்டு நாண், இரண்டு செங்குத்து இருகூறாக்கி,
அதற்கும் கவராயம் வேண்டும்.
பத்தொன்பது வருடம் படிப்பித்தவள்
சோக்கோடு நின்றேன்.

புவனலோஜினி பொகவந்தலாவையிலிருந்து வந்து ஆறு கிழமை.
கையில் அகப்பட்ட தாளையெல்லாம் கிழிப்பாள்.
சாப்பாட்டு அட்டவணை, நாட்காட்டியின் ஜூன்,
யாரோ தாய் எழுதிய கடிதம் ஒன்றும்.
"கிழிக்கிறவள் பக்கத்தில் கொப்பி வைக்காதே"
என்று வாட்டில் எல்லோரும் சொல்வார்கள்.
அவள் நாக்கில் விரலை நனைத்து
கோட்டின் மேல் ஓட்டினாள், மெதுவாக,
ஈரமான தாள் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது.
ஹிஸானா கத்தினாள்.
அட்டெண்டன் கதவில் வந்து நின்றான்.
நான் கையைக் காட்டினேன், பொறு என்று,
எதற்காகப் பொறுக்கச் சொன்னேன் தெரியாது.

வட்டத்தை ஒரு தரம் மடித்தாள்.
திரும்ப ஒரு தரம்.
நகத்தால் நீவி விரித்து
ஹிஸானாவின் முன்னே வைத்தாள்.
"இந்தா ஒன்னோட நடு."

இரண்டு மடிப்பும் வெட்டிய இடத்தில்
ஹிஸானா பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.
கொப்பியில் வட்டமாய் ஒரு ஓட்டை,
அதற்குள்ளால் அடுத்த பக்கத்தின் வெறும் கோடுகள்.
அட்டெண்டன் அதை எட்டிப் பார்த்துவிட்டு
சரி சரி என்று போனான்.

பன்னிரண்டு மணிக்குப் பென்சில் எண்ணினால் பத்து.
இநோகா வந்தாள். கதவு சாத்தப்பட்டது.
பொக்கற், கைமடிப்பு, மேசைக்கடி, தலைமுடி.
ஹிஸானா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்,
பழகிப்போன நீட்டல்.
எனக்குத்தான் பழகவில்லை.

ஜெனிஸ்டனை எழுப்பினோம்.
பதினோராவது அவன் கன்னத்துக்கு அடியில்.
தாடையிலிருந்து காது வரை
ஆறு மூலைப் பென்சிலின் பள்ளம்,
நேராய்ச் சிவந்திருந்தது.

எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.
"இன்னைக்கி என்னா பாடம்?"
வட்டம் என்றேன்.
"அது எனக்குத் தெரியும்" என்று
மற்றக் கன்னத்தை வைத்துப் படுத்தான்.

கவராயத்தை எடுக்க மறந்து
மூன்றாவது நாளாகிறது.