சனிக்கிழமைச் சீட்டு

ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகி ஆறு வாரம்.
ஆர்டர் கப்பலேறவில்லை என்றார் மேனேஜர்.
திருப்பூரில் கடல் இல்லை,
ஆனாலும் எங்கள் அடுப்படிக்குள்தான்
முழுகியது அந்தக் கப்பல்.

சம்பளக் கவர் மெலிந்திருக்கிறது.
அதன் முதுகிலேயே எழுதுகிறேன்
மளிகைச் சீட்டை.

நான் செக்கிங்.
நாளெல்லாம் பனியனைப் புரட்டிப் புரட்டி
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்டதும் ஸ்டிக்கர் ஒட்டும் கண் எனக்கு.
இந்தக் கண்ணோடு உட்கார்ந்தால்
வீட்டில் எதுதான் தேறும்?

துவரம்பருப்பு ஒரு கிலோ.
அடித்துவிட்டு, அரை.
அரிசிம்பருப்புச் சோறு இனி ஞாயிறு மட்டும்.
மற்ற நாளுக்குக் கொள்ளு இருக்கிறது,
ரசமாக, துவையலாக, மறுபடி ரசமாக.

தேங்காய் இரண்டு.
தேங்காய் அரைக்காத குழம்பைக்
குழம்பென்றே ஒத்துக்கொள்ளாதவர் அவர்,
பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்.
ஒன்றை அடித்தேன்.
கோடு முடிந்த பிறகும்
பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

ஏலக்காய்.
இதை எப்போது எழுதினேன்?
கைப்பழக்கம். அடி.

குளிக்கிற சோப்பை அடிக்க முடியாது.
கம்பெனி வேஸ்ட் நூலால் நடுவில் அறுத்துப்
பாதியை ஒளித்து வைப்பேன்.
சின்னச் சோப்பை யாரும்
முரட்டுத்தனமாய்த் தேய்ப்பதில்லை.

எண்ணெய் ஒரு லிட்டரை
அரை லிட்டர் ஆக்கும்போது
தோளுக்கு மேலிருந்து சஞ்சித் சொல்கிறான்:
"அரை லிட்டர் நூத்தியஞ்சு,
ஒரு லிட்டர் எரநூறு.
ரெண்டு தடவ வாங்குனா
பத்து ரூவா நட்டம்மா."
ஆறாம் வகுப்பு. கணக்கில் புலி.
சரிதான் சாமி,
லாபத்தை வாங்கவும்
முதல் வேண்டியிருக்கிறது.
அதை உன் புத்தகத்தில்
எத்தனாவது பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

சீட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு.
வண்டியை ஸ்டாண்டு போட
அவர் மூன்று முறை தடுமாறும் ராத்திரிகள்.
எந்த வரியில் எழுதி
எந்த வரியில் அடிப்பது?
இந்த வாரம் நான் கேட்கவில்லை.
அவரும் தேங்காயைக் கேட்கவில்லை.

சந்தை கலைகிற நேரம்.
கத்திரி, தக்காளி கூறு பத்து.
லாந்தி லாந்தி நின்றால்
வாடிய கொத்தமல்லி சும்மாவே கிடைக்கும்.
தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்,
நம்மைப் போல அல்ல.

கடையில் கூட்டம்.
சீட்டை வாங்கிய கடைக்காரர்
அடித்த வரிகளையும் சேர்த்தே வாசிக்கிறார்,
உரக்க.
"தேங்கா ஒன்னா ரெண்டாங்? இங்க ரெண்டுன்னு இருக்குது."
"ஒன்னுங்."
"ஏலக்கா?"
"அது அடிச்சதுங்."
பின்னால் சம்பூரணம் நிற்கிறாள்,
எங்கள் லைனிலேயே கைமடிக்கிறவள்.
முகத்தைத் தராசுப் பக்கம்
திருப்பிக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொண்ணூற்றேழு.
ஆயிரத்து நூறு கொடுத்தேன்.
கை வழக்கம்போல் ஜாடிக்குள் போய்
மூன்று மிட்டாயைப் போட்டது மேசையில்.

எத்தனை வருஷம்
எத்தனை மிட்டாய்!
கைப்பையின் மூலையில் இளகி,
எறும்பு மொய்த்து,
யாரும் கேட்காமல் வந்த இனிப்பு.

"முட்டாயி வேண்டாங்.
மூனு ரூவாயாவே குடுங்."

சொன்னது என் குரல்தானா?
கடை ஒரு நொடி ஓய்ந்தது.
"சில்லறை இல்லீங்களே..."
"பாருங். இருக்கும்."

கல்லாவைக் கிளறினார்.
இருந்தது.
மூன்று ஒற்றை ரூபாய்,
எனக்குக் கொடுக்கக் கூடாதென்று
யாரோ சொல்லி வைத்ததுபோல்
அடியில் கிடந்தன.

படி இறங்கும்போது கேட்டது
சம்பூரணத்தின் குரல்,
கொஞ்சம் தயங்கி, அப்புறம் தயங்காமல்:
"அண்ணா, எனக்கும்
காசாவே குடுத்துருங்."

திரும்பிப் பார்க்கவில்லை நான்.
பை லேசாக இருந்தது,
இருக்கக் கூடாத அளவுக்கு லேசாக.
கைக்குள் மூன்று ரூபாய்
சூடேறிக்கொண்டிருந்தது.