ரப்பர் கொட்டைச் சேனை

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு யாரும் வரமாட்டார்கள்.
செக்ரோலை ஓரமாகத் தள்ளிவிட்டு
பீடோரில் ரஷ்யாவை விரிப்பேன்.

ஒரு ரப்பர் கொட்டை, முப்பது சிப்பாய்.
நான்கு கம்பெனி ஒரு பட்டாளம்.
மூன்று பட்டாளம் ஒரு ரெஜிமெண்டு,
ஆனால் சண்டைக்குப் போவது
முதலாவதும் மூன்றாவதும்தான்.
இரண்டாவது பின்னால் தங்கி ஆள் பழக்கும்.
அதிலும் கிரனேடியர்களை மட்டும்
உருவிக்கொண்டு போவார்கள்,
காம்பை விட்டுக் கீரையை உருவுவதுபோல்.

இரண்டு ரெஜிமெண்டு ஒரு பிரிகேடு.
மூன்று பிரிகேடு ஒரு டிவிஷன்.
மூன்றாவது யேகர்கள்,
புதருக்குள் கலைந்து நின்று சுடுகிறவர்கள்.
அவர்களுக்குப் பச்சை தனியாகக் கலக்க வேண்டும்:
ஆபீஸ் கதவுக்கு அடித்த மிச்சம், கொஞ்சம் கருப்பு.
பீரங்கிக்குச் சைக்கிள் வால்வு.
பன்னிரண்டு வேண்டும். பத்துதான் கிடைத்தது.

இந்த அடுக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது.
துரை என்ற சொல் போய் மானேஜர் வந்தார்,
கிராணி நான், எனக்குக் கீழே மண்டோர்,
விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு.
அந்தச் சொல்லே
ஏதோ ஒரு சேனையிலிருந்து தப்பியோடி வந்து
இங்கே பெயர் பதிந்துகொண்டதுதான்.

மழைக்கு ஒதுங்கினான் ரஃபீக்குல், குலை வெட்டுகிறவன்.
சொட்டச் சொட்ட நின்று
வரிசை முழுவதையும் பார்த்தான்.
தளபதியாக நின்ற சதுரங்கக் குதிரையையும்.
"இவங்க சட்டி எங்கே?" என்றான் மலாயில்.

சட்டி இல்லை.
படித்திருந்தேன், வைக்கத் தோன்றவில்லை:
பத்துப் பேர் கூலியில் காசு ஒதுக்கி
ஒரு செப்புச் சட்டி, ஒரு வண்டி,
இழுக்க ஒரு குதிரை.
அர்த்தேல் என்பார்கள்.
செத்தவன் பங்கு சட்டிக்கே.

"எங்க வீட்டிலயும் பத்துப் பேர்," என்றான்.
"இப்ப ஒன்பது.
ஷமீமைப் பெட்டியில வச்சு
விமானம் ஏத்தினதுல
அரிசிக்காசு முழுக்கப் போச்சு."

பதினேழாம் எண்.
சிவப்பு மையில் அடித்தது நான்தான்,
ஸ்கேல் வைத்து, நேராக.

மழை விட்டதும் போய்விட்டான்.
மறுநாள் பெரட்டில் பதினேழுக்கு
ஒரு நேப்பாளப் பெயர் வந்தது.
எழுத்துக்கூட்டி இரண்டு முறை கேட்டு எழுதினேன்.

சாயங்காலம் டவுனில், ஆ செங் காப்பிக் கடையில்,
சோடா மூடி வேண்டும் என்றேன்.
எத்தனை என்றார்.
ஒரு பட்டாளத்துக்கு எழுபது.
இப்போதைக்கு இருக்கிறதைக் கொடுங்கள்.