நாற்பத்தோராம் பாடம்

சனிக்கிழமை காலை ஆறு மணி.
ஓர்ஸ்ஹில் அறையில் சூமைத் திறக்கிறேன்.
ஒவ்வொரு சதுரமாய் வருகிறார்கள்.
கிண்ணியா சஜாத், வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில்.
குச்சவெளி நிலூஜா முகம் காட்டமாட்டாள்,
ஊதா வட்டத்தில் ஒரு "நி" மட்டும்.
சம்பூர் கஜவதனனுக்கு மாமரத்தடியில்தான் சிக்னல்;
மழையென்றால் அவனுக்கு வகுப்பில்லை.

மியூட் பண்ணுங்கோ என்கிறேன்.
யாரோ பண்ணவில்லை.
சேவலொன்று கொரிய மொழியில் கூவப் பழகுகிறது.

ஹானா. தூல். செத்.
விரல்களைக் கமெராவுக்கு உயர்த்துகிறேன்.
நெத். தாசொத்.
"சேர், கைய நடுவுக்குக் கொண்டு வாங்க,
ரெண்டு விரல் வெட்டுப்படுது."

கமெரா சரியாத்தான் இருக்கு, சஜாத்.

பதினொரு சதுரமும் அசையாமல் நின்றன.
நெட் போய்விட்டதென்று நினைத்தேன்.
போகவில்லை, சேவல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்சானில் இரவு ஷிஃப்ட். பிரஸ் மெஷின்.
பக்கத்தில் நின்றவன் மூன்று தரம் கத்தினான்.
அந்தச் சொல் நாற்பத்தோராம் பாடத்தில் இருந்தது.
பரீட்சைக்கு வராதென்று
நாங்கள் எல்லோரும் விட்ட பாடம்.

எண்களை அங்கேயே விட்டுப் பக்கங்களைத் தள்ளினேன்.
மொம்ச்வோ: நிறுத்து.
ஆபாயோ: நோகுது.
மியூட்டை எடுத்துவிட்டுக் கத்துங்கோ, எல்லாரும்.
கத்தினார்கள்.
கேற்றடியில் குப்பைப்பை கிழித்த மான்
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்தது.

சாட்டில் நிலூஜா:
ஆபாயோ என்டா அபாயமா சேர்?

பிழைதான்.
திருத்தவென்று விசையில் வைத்த விரலை
எடுத்துக்கொண்டேன்.