நீங்கள் முதலில்

மூன்று நாள்தான் ஓடியது,
எங்கள் கயானி ஊரில், சனவரியில்.
கொட்டகையில் ஈ ஓட்டினார்கள் என்று எழுதலாம்,
அந்தக் குளிரில் ஈக்கு எங்கே போவது?
ஏழு பேர் இருந்தோம்.
ஒருவர் கணப்புக்காக வந்து
முதல் காட்சியிலேயே குறட்டைக்குப் போனவர்.

'உருகும் பனியின் வேகத்தில் நகர்கிறது படம்'
என்று எழுதியது நாளிதழ்.
நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
அந்த நிருபருக்குப் பனி உருகுவதைப் பற்றி
ஒன்றும் தெரியாது.
அது சட்டென்றுதான் நடக்கும்.
கூரையிலிருந்து. கழுத்துக்குள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
வில்ப்போலா என்றொரு காப்பீட்டு எழுத்தர்.
எதிலும் முதலில் போக மாட்டார்.
அவ்வளவுதான் கதை.

ஒற்றை வண்டி மட்டும் போகும் பாலம்.
இந்தக் கரையில் இவர், அந்தக் கரையில் ஒரு பால் வண்டிக்காரர்.
நீங்கள் வாருங்கள் என்று இவர் விளக்கைச் சிமிட்ட
இல்லை நீங்கள் என்று அவர் சிமிட்ட
இருட்டி விடுகிறது.
ரொட்டியைப் பிரித்துத் தின்கிறார்கள், அவரவர் கரையில்.
விடிந்ததும் இருவரும்
ஒரே நேரத்தில் பின்னால் எடுத்துப் போய்விடுகிறார்கள்.
பாலத்தில் ஒரு முயல் கடக்கிறது, சாவகாசமாக.

பிறகு அந்தக் கேக்.
எட்டு விருந்தாளிகள், தட்டில் கடைசித் துண்டு.
ஒவ்வொருவரும் பாதி வெட்டிக்கொண்டு பாதியை விடுகிறார்கள்.
சுற்று முடிகிறது, மறுபடி சுற்று,
கடைசியில் பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
ஒரு துகளை
இரண்டாக வெட்டுகிறார்.

ஆனால் சவுனா.
சவுனாவைச் சொல்லாமல் இந்தப் படத்தைச் சொல்லக் கூடாது.
அடுப்பு எரிகிறதா என்று பார்க்க
மேலதிகாரி கோட்டும் டையுமாக உள்ளே வந்து
ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்.
வில்ப்போலா கதவைத் திறக்கிறார்.
சவுனாவில் உடுப்போடு இருப்பது எங்களிடம்
தேவாலயத்தில் விசிலடிப்பது மாதிரி.
மேலதிகாரியே உடுத்தியிருக்கும்போது
தான் எப்படி அவிழ்ப்பது?
போய் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்கிறார்.
இவன் உடுத்தி வந்திருக்கிறானே, இதுதான் புது வழக்கமோ
என்று மேலதிகாரியும் எழவில்லை.
ஒன்பது நிமிடம், ஒரே கோணம்.
"இன்று கொஞ்சம் புழுக்கம்."
"ஆமாம், கொஞ்சம்."
டையின் சாயம் கரைந்து
வெள்ளைச் சட்டையில் மெல்ல இறங்குகிறது, நீலமாக.
இருவரும் அதைப் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதை அவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள்.

பத்தாண்டு கழித்து ஒளிநாடா கிடைத்தது.
ஹில்க்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.
திரையைப் பார்க்கவில்லை நான், அவள் முகத்தையே பார்த்தேன்.
முடிந்ததும் "ம்" என்றாள்,
விளக்கை அணைத்தாள்.
அன்றிரவு, வெட்கமில்லாமல் சொல்கிறேன்,
யாரைக் கட்டிக்கொண்டேன் என்று யோசித்தபடி கிடந்தேன்.

வியாழக்கிழமை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள்
கத்தியைக் கீழே வைத்தாள்.
தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடினேன்.
"டை," என்றாள். மூச்சு வரவில்லை.
"அந்த... டை."
கூரையிலிருந்து. கழுத்துக்குள்.

வில்ப்போலாவாக நடித்தவர் அதன்பின் நடிக்கவில்லை.
ஈசல்மியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார் என்று
யாரோ சொல்ல, எண்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனேன்.
என்ன பேசுவது? இரண்டு கிலோ ஆணி கேட்டேன்.
நிறுத்தார். கட்டினார். காசு வாங்கினார்.
மதியச் சாப்பாட்டுக்கு அவரும் கிளம்ப
வாசலில் சேர்ந்து நின்றோம்.
கதவைத் திறந்து பிடித்தார்.
"நீங்கள்."
"இல்லையில்லை, நீங்கள்."
அவர் முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை.
என் முகத்திலும் அசையவில்லை என்றே நினைக்கிறேன்.
நின்றோம்.
பனி உள்ளே வந்து மிதியடியில் படியத் தொடங்கியது.

"கதவைச் சாத்துங்கய்யா!" என்று
கல்லாவிலிருந்து கத்தினாள் ஒரு பெண்.

சாத்தினோம்.
இருவரும் உள்ளேயே இருந்தோம்.